ஊரில் கலைக்கூடல் வைக்கிறீர்களா? மேடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

மாரி மழை விட்டு, பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்ததும், மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ ஏதாவது ஓர் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு கலைக்கூடல் வைப்பார்கள். பகலில் பயிற்சிப் பட்டறை, இரவில் ஆற்றுகை, இரண்டு மூன்று நாள். கூப்பிட்டால் போய் நிற்பேன். எங்கள் காலத்துப் பிழைகள் ஒன்றும் சாகவில்லை, செலவுதான் கூடியிருக்கிறது.

மழைக்குப் படங்கு எடுத்து வையுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லுவா.

திகதி

வைகாசியில் வைக்காதீர்கள். கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரில் ஓர் ஆள் உங்களுக்குக் கிடைக்காது. அப்புறம் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், அதன்பிறகு கொக்கட்டிச்சோலைத் தேர். மத்தளம் அடிக்கிறவரும் சமைக்கிறவரும் பந்தல் போடுகிறவரும் கோயிலில்தான் நிற்பார்கள். மாசி, பங்குனிதான் தோது.

மேடை

இதைத்தான் எத்தனை தரம் சொன்னாலும் ஆறுதில்லை.

கூட்டத்தில் முதலில் தீர்மானிக்கிற விஷயம் மேடையாக இருக்கிறது. இரும்புச் சட்டம் பூட்டிய உயரமான மேடை, பின்னால் பேனர், இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், கலர் லைட். சேர்த்த காசில் பாதி அதற்கே போய்விடும். பிறகுதான் அதில் யாரை ஏற்றுவது என்று யோசிப்பார்கள். கூத்து இல்லாமல் மட்டக்களப்பில் கலைக்கூடலா? வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு கூத்துச் செற்றை, அதாவது கூத்துக் குழுவைக் கூப்பிடுவார்கள்.

நம்முடைய கூத்து வட்டக்களரியில் ஆடுவது. நிலத்தைவிடக் கொஞ்சம் உயர்த்திய மண், சுற்றிக் கம்பம், மேலே வெள்ளைத் துணி. நடுவில் கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அவரோடு தாளம் போடுகிற சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். இந்த அமைப்பு அழகுக்காக வந்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மத்தளம் கூத்தருக்கு ஒரே தூரத்தில் கேட்கும். கால் பிசகினால் அண்ணாவியார் கண்ணாலேயே பிடித்துவிடுவார். பாட்டு மறந்தால் பிற்பாட்டுக்காரர் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்.

இப்போது இதே கூத்தைப் பெட்டி மேடையில் ஏற்றிப் பாருங்கள். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வடமோடிக் கூத்து; வடமோடி, தென்மோடி என்று நம் கூத்தில் இரண்டு பாணி. அரசனுக்குக் கரப்புடுப்பு, இடுப்பைச் சுற்றிக் கூடைபோல விரிந்து நிற்கிற உடுப்பு. மேடைக்கு ஏறும் இரும்புப் படியோ ஓர் ஆள் நேராகப் போகிற அகலம். அரசன் கரப்பை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல ஏற, கீழே நின்று ஒரு பொடியன் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டான். கட்டியகாரன் புகழ்ந்து முடித்தும் அரசன் படியில்தான் நிற்கிறார்.

அண்ணாவியாரை ஓரமாக, ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள், மத்தளத்துக்கு முன்னால் ஒரு மைக். ஸ்பீக்கரெல்லாம் சனத்தைப் பார்த்து இருந்தது. மேடையின் மற்ற மூலையில் ஆடுகிறவருக்குக் கேட்டது மதிலில் பட்டுத் திரும்பி வந்த சத்தம்தான். அது பிந்தி வரும். பாத்திரம் வருகிற வரவுத் தாளம் முடிவதற்குள் ஆளுக்கொரு காலம். அண்ணாவியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மத்தளத்தோடு நடந்து போய் மேடையின் நடுவில் நின்றுவிட்டார். அவ்வளவுதான், கால்கள் எல்லாம் ஒன்றாகின. சவுண்ட்காரர் கீழேயிருந்து, “அண்ணாவியார், மைக்குக்குக் கிட்ட வாங்க! மைக்குக்குக் கிட்ட!” என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்த மனிசன் திரும்பியும் பார்க்கவில்லை. முன்வரிசைக் கதிரைகளுக்குக் கூத்து நன்றாகவே கேட்டது. பின்னால் நின்ற சனம் மெல்ல மெல்லக் கச்சான் வண்டிப் பக்கம் போய்விட்டது.

“வித்தியானந்தன் சேர் படச்சட்ட மேடையில கூத்துப் போடல்லையா?” என்று ஒரு தம்பி கேட்டார். பேராசிரியர் வித்தியானந்தன் போட்டார்தான். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் மேடையேற்றினார். அதற்கு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவர்களைப் பழக்கி, விடியவிடிய ஆடுகிற ஆட்டத்தைச் சுருக்கி, மேடைக்கென்றே திரும்ப ஆக்கினார். அது ஒரு தனி வேலை. நீங்கள் செய்வது, நேற்றுவரை களரியில் ஆடிய ஒரு செற்றிடம், “ஐயா, அரை மணித்தியாலம்தான் இருக்கு” என்று படியடியில் வைத்துச் சொல்வது.

சரி, என்ன செய்யலாம்? ஓர் உழவு மெசின் பெட்டி மண் பறித்து வட்டமாக இறுக்கிவிடுங்கள். ஊரில் கம்பம் இருக்கும், வெள்ளை கட்ட வண்ணார் வீட்டார் வருவார்கள், முறைப்படி கேளுங்கள். கம்பத்துக்கு ஒன்றாக பல்ப். பாயும் படங்கும் சுற்றிவர விரியுங்கள். கதிரை வேண்டுமென்றால் பாய்களுக்குப் பின்னால். மைக் இல்லாமல் முடியாது என்றால், அண்ணாவியாரின் தலைக்கு மேலே ஒன்றைத் தொங்கவிட்டு, சிறிய ஸ்பீக்கரை வட்டத்துக்கு வெளியே வெளிப்பக்கம் பார்க்க வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். நடுச்சாமத்தில் ஒலிபெருக்கி போட்டதற்குப் பொலிசுக்குப் பதில் சொல்லும் வேலையும் மிச்சம்.

பரதம், சங்கீதம், பேச்சு இவற்றுக்குப் பள்ளிக்கூட மண்டபம் சும்மா கிடக்கிறது.

அதிதிகள்

விளக்கேற்றட்டும். பிறகு இருந்து பார்க்கட்டும்.

பட்டறை

‘இரண்டு மணித்தியாலத்தில் வடமோடி’ என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஊரில் சட்டம் (அவரவர் பாத்திரத்துக்கான பாட்டு) கொடுத்து, ஆட்டம் பழக்கி, சதங்கை அணிந்து, அரங்கேறுவதற்கு மாதக்கணக்காகும். இரண்டு மணித்தியாலத்தில் ஒரே ஒரு தாளக்கட்டு பழக்கலாம். அதையும் முதலில் நிலத்தில் இருந்தபடி வாயால் சொல்ல வையுங்கள். “ததிங்கிணதோம்” வாயில் தடக்காமல் வந்த பிள்ளைக்குக் கால் தானாக வரும். எழும்பி நின்று படம் எடுக்கிற அவசரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். கடைசியில் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது கால்வலி மட்டும்.

வடமோடி அண்ணாவியாரையும் தென்மோடி அண்ணாவியாரையும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் போடாதீர்கள். இரண்டு மத்தளம், நடுவில் அரைச்சுவர், என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முஸ்லிம் ஊரிலிருந்து பொல்லடிக் (கோலாட்டம் போன்ற கம்பாட்டம்) குழுவைக் கூப்பிட்டால் மஃரிபுத் தொழுகை நேரத்தில் நிகழ்ச்சி போடாதீர்கள். அழைப்பிதழ் அச்சடிக்க முதலே நேரத்தைக் கேட்டுவிடுங்கள், பிறகு பேனா வைத்துத் திருத்துவது மரியாதையில்லை.

ட்ரோன்

களரிக்கு மேலே வேண்டாம்.

பொன்னாடை

போடுங்கள், ஆனால் கூடவே ஒரு கடித உறையும் இருக்கட்டும். சவுண்ட்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அண்ணாவியாருக்கும் கொடுக்கத் தெரிய வேண்டும். அவர் வயல் வேலையை, கூலியை விட்டுவிட்டு வருகிறார். செற்றில் மற்றவர்களும் அப்படித்தான்.

போக்குவரத்து

கூத்து முடிகிற நேரத்துக்குப் படுவான்கரைக்கு பஸ் கிடையாது. வேன் பிடிப்பீர்கள், தெரியும். ஆட்களை மட்டும் எண்ணிப் பிடிப்பீர்கள், அதுவும் தெரியும். கரப்புடுப்புக்கு ஒரு வரிசை, கிரீடப் பெட்டிக்கு ஓரிடம், மத்தளத்துக்கு ஒரு சீற் என்று கணக்குப் போடுங்கள். மத்தளத்தைக் கூரையில் கட்ட வேண்டாம், விடியப்புறப் பனிக்கு வார் இளகிவிடும்.