ஹேண்டில்பாரில் ஓட்டை போடும் முன்

போன வாரம் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, பிரேக், கியர் கேபிள் எல்லாத்தையும் ஹேண்டில்பாருக்குள்ளயே விட்டுட்டேன், பாருங்க" என்றான். பார்க்க நறுவிசாகத்தான் இருந்தது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். பாரை நடுவில் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம்மிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, வட்டமாக ஓர் ஓட்டை, விளிம்பில் பிசிறுகூட எடுக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் நான் போட்ட ஓட்டையும் இதே இடத்தில்தான் இருந்தது.

சென்டர் பஞ்ச் அடியுங்கள், கண்ணாடி மாட்டுங்கள், சின்ன பிட்டில் தொடங்கிப் பெரிதுக்குப் போங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஸ்டெம்மை ஒட்டி ஓட்டை போடுவது

ஏன் எல்லோரும் அங்கேயே போடுகிறோம் என்பது புரிகிறது. கேபிள் பாருக்குள் ஓடி, ஸ்டெம் பக்கத்தில் எட்டிப் பார்த்து, நேராக ஃபிரேமுக்குப் போய்விடும். வெளியே தெரிவது ஒரு சாண்கூட இருக்காது. அழகுதான்.

ஆனால் மரக்கிளையின் நுனியைப் பிடித்துத் தொங்கினால் கிளை எங்கே முறிகிறது? தண்டோடு சேரும் இடத்தில். பாரும் அப்படித்தான். கை அழுத்துவது ஓரத்தில், பிடிமானம் நடுவில். வளைக்கும் விசை முழுவதும் ஸ்டெம் விளிம்பில் வந்து குவியும். அதனால்தான் பெரும்பாலான பார்கள் நடுவில் 31.8 மி.மீ. தடிமனாகவும் கைப்பிடியில் 22 அல்லது 24 மி.மீ. அளவில் மெலிந்தும் இருக்கின்றன. தயாரித்தவர் உலோகத்தைக் கூட்டி வைத்த இடத்தில் நாம் போய்க் குறைக்கிறோம்.

குறைப்பது எவ்வளவு என்பதும் ஓட்டையின் வடிவத்தைப் பொறுத்தது. அகலமான தகட்டை இழுக்கும்போது அதில் வட்ட ஓட்டை இருந்தால், விளிம்பில் அழுத்தம் 3 மடங்காகும். பாரின் நீளவாக்கில் ஒன்றுக்கு இரண்டு என்று நீள்வட்டமாக இருந்தால் 2 மடங்கு. அதே நீள்வட்டம் குறுக்கே கிடந்தால் 5 மடங்கு. குழாய்க்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு இதுதான். அலுமினியத்துக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. எஃகு ஓர் அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டு ஓரமும் கீழே வளைந்த டிராப் பார், அடிப்பக்கம் ஓட்டை. அது தெரியக்கூடாதென்று டேப்பை ஸ்டெம்வரை இழுத்துச் சுற்றியிருந்தேன். ஏழெட்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்டெம் போல்ட்டைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். போகவில்லை. பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டைப் பிரித்து மாட்டினேன். பெடலைக்கூட மாற்றினேன். மூன்று வாரம், அந்தப் பாரைப் பிடித்து இழுத்து இழுத்தே ஏற்றம் ஏறியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. கடைசியில் வேறு வேலைக்காக டேப்பைப் பிரித்து, துணியால் துடைத்தபோது ஒரு நூல் சிக்கியது. விளக்கைக் கிட்டத்தில் பிடித்தால், ஓட்டையின் விளிம்பிலிருந்து முன்பக்கமாக மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, கால்வாசிச் சுற்றுக்குப் போயிருந்தது. இறக்கத்தில் முறிந்திருந்தால் இதை எழுத முன்பல் இருந்திருக்காது.

கையால் அழுத்தும்போது பாரின் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். ஏற்றத்தில் பாரை மேலே இழுத்தால் அது தலைகீழாகும். ஆக மேல், கீழ் இரண்டுமே ஆகாத இடம். முன்பக்கமோ பின்பக்கமோ பரவாயில்லை. அங்கும் சும்மா இல்லை, பிரேக் பிடிக்கையில் உடல் எடை பாரை முன்னே தள்ளும்; ஆனாலும் குறைவு. நான் இப்போது தடித்த பகுதியும் அது மெலியும் சரிவும் முடிந்த பிறகுதான், முன்பக்கத்தில், நீளவாக்கில் ஓட்டை போடுகிறேன். கேபிள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தெரியட்டும். அதுவும் பிடிக்காதவர்கள், உள்ளே கேபிள் போவதற்கென்றே தயாராகி வரும் பாரை வாங்கிவிடலாம். அதில் ஓட்டைகளைக் கணக்கில் வைத்தே சுவரின் தடிமனை முடிவு செய்திருப்பார்கள்.

கேபிள் உள்ளே நுழையும் லிவர் பக்கத்து ஓட்டைக்கு ஒன்றே ஒன்று: லிவரைப் பாரோடு இறுக்கும் கிளாம்ப் ஓட்டையின்மேல் உட்காரக்கூடாது.

பிசிறை விட்டுவிடுவது

வெளிப்பக்கப் பிசிறு கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடுவோம். உள்பக்கத்தில் இருப்பதுதான் வம்பு. அது கேபிளின் மேலுறையான அவுட்டரின் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லச் சீவும். விரிசலுக்கும் பிள்ளையார் சுழி போட்டுக் கொடுக்கும். வட்ட அரத்தால் ராவி, மெல்லிய உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் தேயுங்கள். பிறகு பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். ஓர் இழையாவது ஒட்டினால் வேலை முடியவில்லை. பாரைச் செங்குத்தாகத் தட்டி, உள்ளே கிடக்கும் உலோகத் தூளையும் கொட்டிவிடுங்கள்.

செங்கோணத்தில் துளைப்பது

அவுட்டர் 90 டிகிரியில் திரும்பாது. திருப்பினால் லிவர் கனக்கும், விட்டால் சோம்பலாகத் திரும்பி வரும். ஓட்டையை அரத்தால் சாய்வாக நீட்டினால் கேபிள் வழுக்கிக்கொண்டு வெளியேறும். மேலே சொன்ன நீள்வட்டமும் அதிலேயே கிடைத்துவிடும்.

பழைய கேபிளை முதலில் உருவிவிடுவது

ஒரு முறை உள்ளே போய்விட்டால் அடுத்த முறை மாற்றும்போது பழைய கேபிள்தான் வழிகாட்டி. உள்கம்பியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு அவுட்டரை உருவுங்கள். அதன்மேலேயே புதியதைக் கோத்துத் தள்ளலாம். வெறும் பாராக இருந்தால் ஒரு ஓட்டையில் நூலை வைத்து, மற்றதில் வாக்குவம் கிளீனரைப் பிடித்து இழுக்க விடுங்கள்.

அவுட்டரை அவசரத்தில் வெட்டுவது

பாரை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பிப் பார்த்த பிறகு வெட்டுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, பாரைத் திருப்பும்போது பிரேக் தானாகப் பிடித்தால் அவுட்டர் குட்டை.

பிரேக்குக்கு கியர் அவுட்டர்

4 மி.மீ. என்பதால் 5 மி.மீ. பிரேக் அவுட்டரைவிட லேசாக உள்ளே போகும். ஆனால் கியர் அவுட்டரின் கம்பிகள் நீளவாக்கில் ஓடுபவை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் பிளந்துவிடும்.

கார்பன் பார்

துளைக்காதீர்கள்.

ஓட்டையை அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது

பையன் கேட்டது இதைத்தான். "எப்பாக்சி வெச்சு அடைச்சுட்டா போதாதாண்ணே?" தண்ணீர் உள்ளே போகாது, அவ்வளவே. போன உலோகம் பசையால் திரும்பாது; விளிம்பில் கூடிய அழுத்தமும் இறங்காது. விளக்கை வைத்துப் பார்த்தோம், அவன் பாரில் இன்னும் கோடு எதுவும் விழவில்லை. "அப்போ ஓட்டலாமா?" என்றான். என் பெட்டியில் கிடந்த பழைய பாரை எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே ரம்பத்தை எடுத்து, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக்கூடாதென்று தன் பாரை நடுவில் அறுத்தான்.