குட்டி வளரவில்லையா? இனத்தைக் குறை சொல்லும் முன் எடை போட்டுப் பாருங்கள்

போயர் என்ற வெளிநாட்டு இறைச்சி ஆட்டினத்தின் கலப்புக் குட்டியை அதிக விலை கொடுத்து வாங்கி, காய்ந்த மேய்ச்சலில் மட்டும் விட்டு, பக்கத்திலேயே நிற்கும் நம் நாட்டு இனமான கன்னி ஆட்டுக் குட்டி அதைவிடத் தெம்பாக இருப்பதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் நிறைய. ஒரே தீவனம் எல்லா இனத்துக்கும் ஒரே அளவு பலன் தராது. உங்கள் பட்டியில் எது எப்படி என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

படி 1: பால் மறந்த, அதாவது 3 மாதம் முடிந்த குட்டிகளை எடுங்கள். இரண்டு இனத்திலும் தலா நாலு குட்டியாவது வேண்டும், கூட இருந்தால் நல்லது. எல்லாம் கிடாவாகவோ எல்லாம் பெட்டையாகவோ இருக்கட்டும். ஒற்றையாகப் பிறந்ததையும் இரட்டையாகப் பிறந்ததையும் கலக்காதீர்கள். ஒற்றைக் குட்டி தாய்ப்பாலைத் தனியாகக் குடித்து வளர்ந்தது, அதை இனத்தின் குணம் என்று நினைத்துவிடுவோம்.

படி 2: எல்லாவற்றுக்கும் குடற்புழு நீக்கம், துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி. தானியம் கூடும்போது துள்ளுமாரி தாக்கும் ஆபத்து அதிகம், இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

படி 3: ஒவ்வொரு இனத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். பாதிக்கு மேய்ச்சல் மட்டும். மீதிக்கு மேய்ச்சலோடு அடர்தீவனம், அதாவது தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம். முதலில் குட்டிக்குத் தினம் 50 கிராம், பத்து நாளில் மெல்ல 200 கிராம். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வயிறு கெட்டுவிடும்.

படி 4: 15 நாளுக்கு ஒருமுறை, காலையில் மேயப் போகும் முன் எடை போடுங்கள். தராசு இல்லையா? நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, அங்குலத்திலேயே அளந்த உடல் நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ வரும்.

படி 5: மூன்று மாதம் கழித்து, கூடிய எடையை நாட்களால் வகுங்கள். ஓர் உதாரணத்துக்கு, மேய்ச்சலில் மட்டும் கன்னி தினம் 50 கிராம், கலப்பு 45 கிராம். தீவனத்தோடு கன்னி 70, கலப்பு 110 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'எந்த இனம் நல்லது' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேய்ச்சலில் கன்னி முந்துகிறது, தீவனத்தில் கலப்பு. தீவனத்தால் கன்னிக்குக் கூடியது 20, கலப்புக்கு 65. இனமும் சூழலும் சேர்ந்து வேலை செய்வது என்பது இந்த வித்தியாசம்தான்.

அப்புறம் அந்தக் கூடுதல் கறிக்கு என்ன விலை கிடைக்கும், தீவனத்துக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குப் போடுங்கள். செலவு வரவை மிஞ்சினால் உங்கள் காட்டிலேயே நன்றாக வளர்ந்த கன்னிக் கிடாவைப் பொலிகிடாவாக, அதாவது இனப்பெருக்கத்துக்கான கிடாவாக நிறுத்துங்கள்.