உடலின் இடம், வலம், முன், பின்: முதலாண்டு மாணவர்கள் தடுமாறும் இடங்கள்

உடற்கூறு வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு மாணவியை முன்னால் நிற்க வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் "இவங்க வலது முழங்காலைத் தொடுங்க" என்பேன். பலருடைய கை இடது முழங்காலுக்குத்தான் போகும். பார்க்கிறவரின் வலத்தை நோயாளியின் வலமாக எடுத்துக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது. நோயாளி எந்தக் கையால் சோறு பிசைகிறார் என்று நினைத்துப் பாருங்கள். இடக்கைப் பழக்கம் இல்லாதவராக இருந்தால் அவருடைய சோற்றுக்கைப் பக்கமே வலம், நீங்கள் எங்கே நின்றாலும் சரி. மார்பு எக்ஸ்ரேயையும் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோலத்தான் மாட்டுவார்கள். அதனால் இதயத்தின் நுனி நம் வலக்கைப் பக்கம் சாய்ந்து தெரியும், ஆனால் அது அவருடைய இடப்பக்கம். அறுவையில் கத்தி வைக்கும் முன் எந்த உறுப்பு, எந்தப் பக்கம் என்று குழுவே வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தன் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்த்தது இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான்.

திசைச்சொற்கள் எல்லாம் ஒரே ஒரு நிலையை வைத்துச் சொல்லப்படுகின்றன. நிமிர்ந்து நின்று, பார்வை நேராக, பாதங்கள் சேர்ந்து முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். மேசைமேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு படிக்கும்போது கட்டைவிரல் உடம்பின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கிறது. உடனே "கட்டைவிரல் மீடியல்" (நடுக்கோட்டுப் பக்கம்) என்று எழுதிவிடுகிறார்கள். அது லேட்டரல், அதாவது வெளிப்பக்கம்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், தொட்டே பார்க்கலாம். உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். மணிக்கட்டு வரை விளிம்பாகத் தட்டுப்படுவது அல்னா எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ் எலும்பு. இப்போது கையை மெதுவாகக் கவிழுங்கள். ரேடியஸின் கீழ்முனை கட்டைவிரலோடு சேர்ந்து அல்னாவைக் குறுக்கே தாண்டி வருவதை விரலடியில் உணரலாம். எலும்பு இடம் மாறினாலும் பெயர் மாறாது. ரேடியஸ் எப்போதும் லேட்டரல்தான்.

காலில் இதற்கு நேர்மாறு. கரு வளரும்போது கால்கள் உட்புறமாகச் சுழல்வதால் பெருவிரல் நடுக்கோட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே கைக் கட்டைவிரல் லேட்டரல், கால் பெருவிரல் மீடியல்.

நோயாளி மல்லாந்து படுத்திருந்தால் தொப்புள் கூரையைப் பார்க்கும். அதற்காக அது சுபீரியர் (மேல், அதாவது தலைப்பக்கம்) ஆகிவிடாது, ஆன்டீரியர்தான் (முன்பக்கம்). கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினாலும் தலையே சுபீரியர்.

நம் மொழியால் வரும் சிக்கலும் ஒன்று உண்டு. தமிழில் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே கை, இடுப்பிலிருந்து கீழே எல்லாமே கால். உடற்கூறியலில் ஆர்ம் என்றால் தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்டது மட்டும், லெக் என்றால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்டது மட்டும். "கையில் காயம்" என்று நோயாளி சொன்னதை அப்படியே ஆர்ம் என்று குறிப்பில் எழுதக் கூடாது. ஆனால் இதே தமிழ் இன்னோர் இடத்தில் கைகொடுக்கிறது. பாதத்தின் மேற்பரப்பை டார்சம் என்பதைப் பலரால் ஏற்க முடிவதில்லை. டார்சல் என்றால் முதுகுப்பக்கம் என்றல்லவா படித்தோம் என்பார்கள். புறங்கை, புறங்கால் என்று நாம் சொல்கிற அந்தப் பரப்புகள்தான் இரண்டிலும் டார்சம். உள்ளங்கால் அதன் எதிர்ப்பக்கம்.

ப்ராக்ஸிமல் என்றால் கையோ காலோ உடம்போடு சேரும் இடத்துக்கு அருகில், டிஸ்டல் என்றால் அதிலிருந்து தொலைவில். "முழங்கை ப்ராக்ஸிமல்" என்று பாதியில் நிறுத்தினால் அர்த்தமே இல்லை. மணிக்கட்டுக்கு அது ப்ராக்ஸிமல், தோளுக்கு டிஸ்டல். எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக இதயம். பெயரில் உள்ள வலது, இடதை நம்பி, அறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக நினைத்துவிடுகிறார்கள். இதயம் சாய்ந்தும் திரும்பியும் இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் முன்பரப்பின் பெரும்பகுதியாக இருப்பது வலது கீழறை. இடது மேலறையோ பின்னால், உணவுக்குழாயை ஒட்டி. மார்பில் முன்னாலிருந்து கத்தி பாய்ந்தவரை நீங்கள் பார்க்க நேர்ந்தால், வலது கீழறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.