பேர் தெரியாத வெளிநாட்டுச் செடிய கண்டுபிடிக்க ஒரு டிப்ஸ்

யாரோ குடுத்த கட்டிங், எந்த நாட்டுச் செடின்னே தெரியலன்னா ஒரு இலைய மட்டும் போட்டோ எடுத்து ஆப்ல போட்டுட்டு முதல்ல வர்ற பேர அப்படியே நம்பிடாதீங்க, சம்பந்தமே இல்லாத செடிங்களுக்கு கூட இலை ஒரே மாதிரி இருக்கும். முழுச் செடி, இலையோட மேல்பக்கம், அடிப்பக்கம், அது தண்டுல சேர்ற இடம், காய் இருந்தா அதுவும், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. பூ இருந்தா முன்னாடி, சைடு ரெண்டும் வேணும். பூதான் ரொம்ப முக்கியம், பூக்குற வரைக்கும் காத்திருந்தாலும் பரவால்ல.

அப்புறம் நீங்களே தொட்டுப் பாருங்க. தண்டு சதுரமா, இலை எதிரெதிரா ஜோடியா, கசக்குனா வாசனையும் வந்தா துளசி குடும்பமா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. முள்ளுச் செடின்னா, பஞ்சு மாதிரி குட்டி மேட்டுல இருந்து முள்ளு கெளம்புனா கேக்டஸ், அந்த மேடே இல்லாம கீறுனா வெள்ளையா பால் வடிஞ்சா அனேகமா யூஃபோர்பியா (கள்ளிப்பால் வர்ற செடி வகை). அந்தப் பால் கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, கிளவுஸ் போட்டுக்கோங்க ப்ளீஸ்.

பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட்னு ரெண்டு ஆப்லயும் போட்டோவ போட்டு பாத்து, வர்ற பேர லண்டன் கியூ கார்டனோட 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' வெப்சைட்ல தேடுங்க, சொந்த ஊர் எதுன்னு மேப்போட காட்டும். பேர் உறுதியாகுற வரைக்கும் எதையும் வாயில வச்சுப் பாக்காதீங்க, குழந்தைங்க கைக்கும் எட்டாம வைங்க.