‘தி வைல்டு பஞ்ச்’: மூப்படைந்த கொள்ளையரைப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

சாம் பெக்கின்பா இயக்கி 1969இல் வெளிவந்த ‘தி வைல்டு பஞ்ச்’ படத்தைத் துப்பாக்கிச் சண்டைக்காக மட்டும் பார்ப்பவர்கள், தொடக்கத்திலும் முடிவிலும் வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, நடுவில் இருக்கும் படத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இது மூப்படைந்த உடம்புகளைப் பற்றிய படம். அப்படித்தான் இதைப் பார்க்க வேண்டும்.

முதலில் சரியான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். வெளியான சில வாரங்களிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 10 நிமிடங்கள் வெட்டப்பட்டன. கொள்ளைக் கூட்டத்தின் தலைவனான பைக் என்பவனின் பழைய நினைவுகள் பலவும் அவற்றோடு போயின. ஆகவே 145 நிமிடம் ஓடும் பதிப்பையே எடுத்து, கைபேசியைத் தவிர்த்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு பெரிய திரையில் பாருங்கள்.

கதை 1913இல், மெக்சிகோவில் புரட்சி நடக்கும்போது, டெக்சாஸ் எல்லையில் நிகழ்கிறது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைச் சாதாரணமாகக் கடந்து போய்வரும் நமக்கு எல்லை என்றால் சோதனைச்சாவடிதான். இந்தக் கொள்ளையர்களுக்கோ அது ஒளிய இடம் தேடிக் கடக்கும் ஆறு. தொடக்கத்தில் தேள்களை எறும்புகளுக்கு நடுவே விட்டுச் சிரிக்கும் சிறுவர்களை, ஓணானைக் கல்லால் அடித்த நம் பிள்ளைப் பருவத்தை மறக்காமல் பாருங்கள். அதன்பின் உயிரைப் பணயம் வைத்துக் கொள்ளையடித்த மூட்டைகளில் வெள்ளிக்காசுக்குப் பதிலாக இரும்பு வாஷர்கள் இருக்கும். இவர்களின் காலம் முடிந்துவிட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஓர் எளிய காட்சியை. 1918இல் பிறந்த வில்லியம் ஹோல்டன் நடித்த பைக், குதிரையில் ஏறும்போது, கால் வைக்கும் அங்கவடியின் வார் அறுந்து கீழே விழுகிறான். கூட்டாளிகளான கார்ச் சகோதரர்கள் ஏளனம் செய்கிறார்கள். அவனோ வலியை விழுங்கிக்கொண்டு, மறுபடி ஏறி, ஒன்றும் பேசாமல் போகிறான். நம் மாவட்டத்தில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையின் வயதான ஆசான் ஒருவர் முழங்காலில் கையூன்றி எழும்போது சீடர்கள் பார்க்காதவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்டவர்களுக்கு, அந்த ஏளனத்தின் கொடுமை உறைக்கும். அவன் முதுகை மட்டும் காட்டும் அந்தச் சில நொடிகளில் கண்ணை எடுக்காதீர்கள்.

ராபர்ட் ரயான் நடித்த தார்ன்டனையும் விடாமல் கவனியுங்கள். பழைய கூட்டாளியான அவன், சிறைக்குத் திரும்பாமலிருக்க, பைக்கையே வேட்டையாட அனுப்பப்பட்டவன். உடன் வருபவர்களையும் அவன் வெறுக்கிறான். பெண்களை இப்படம் நடத்தும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளும்படி உங்களிடமும் கேட்கமாட்டேன்.

இறுதிச் சண்டையை இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பல கேமராக்கள் வெவ்வேறு வேகங்களில் பிடித்தவற்றை, மெதுவாக விழும் உடல்களும் இயல்பான வேகத்தில் ஓடும் உடல்களும் மாறிமாறி வரும்படி, படத்தொகுப்பாளர் லூ லொம்பார்டோ கோத்திருப்பது அப்போதுதான் புலப்படும். ஆனால் சண்டைக்கு முந்திய இடைவெளிக்கு ஒலி வேண்டும். மெக்சிகோ தளபதி மப்பாச்சே வீழ்ந்தபின் அவனுடைய படை திகைத்து நிற்க, நான்கு கிழவர்களும் தப்பிச்செல்ல வாய்ப்பிருக்கும் அந்த அமைதியில், எர்னஸ்ட் போர்க்னைன் நடித்த டச் மெல்லச் சிரிக்கிறான்.