"கிட்ட வச்சுப் படிக்காதே" என்று சொல்லாதீர்கள்: பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளும் நூலகமும்

மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவில் கதை வாசிக்கப் போகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா தன் ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குழந்தைக்குக் குறைபார்வை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, மூக்கு அட்டையில் உரசும் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய், தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "கிட்ட வச்சுப் படிக்காதடி, இருக்கிற பார்வையும் போயிடும்" என்று அம்மா புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த இன்னொருவர், "பாப்பாவுக்கு நீங்களே ஒண்ணு எடுத்துப் படிச்சுக் காட்டுங்களேன்" என்றார். குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேருமே அன்போடு சொன்னவர்கள்தான். ஆனால் இப்படித்தான் இந்தக் குழந்தைகள் புத்தகத்தைத் தாங்களே எடுப்பதை நிறுத்துகிறார்கள். பெற்றோர், ஆசிரியர், நூலகர், என்னைப் போன்ற தன்னார்வலர் என்று எல்லாரும் செய்யும் தவறுகள் பல, குழந்தைக்காக நாமே முடிவெடுத்துவிடுவதிலிருந்து வருகின்றன.

முதலில் அந்த அம்மாவின் பயத்தைப் பேசிவிடலாம். குறைபார்வை உள்ள குழந்தை புத்தகத்தைக் கிட்ட வைத்துப் படிப்பதால் கண் கெட்டுப்போகாது. 30 சென்டிமீட்டரில் இருந்த எழுத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் அதன் உருவம் மூன்று மடங்கு பெரிதாகிறது. குழந்தை தனக்குத் தேவையான உருப்பெருக்கத்தைக் காசு செலவில்லாமல் தானே செய்துகொள்கிறது. கெடுவது கழுத்தும் முதுகும்தான். அதற்குச் சாய்வுப் பலகை ஒன்று மேசையில் இருந்தால் போதும், தலை குனிய வேண்டியதில்லை, புத்தகமே முகத்துக்கு வந்துவிடும். ஒன்று மட்டும்: இதுவரை கண் பரிசோதனையே செய்யாத குழந்தை திடீரென்று புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனால், அது கண் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. திட்டுவதற்குப் பதில் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரிசாக்கினால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமா?

அடுத்த தவறு, "குறைபார்வைதானே, பெரிசா ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துடலாம்" என்பது. சில குழந்தைகளுக்கு அது சரி. சிலருக்கு அதுவே தொல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறைபார்வையை இரண்டு வகையாக வரையறுக்கிறது. கண்ணாடி முதலானவற்றால் இயன்றவரை திருத்திய பிறகும், நன்றாகத் தெரியும் கண்ணின் கூர்மை 6/18-க்குக் கீழே 3/60 வரை இருப்பது ஒன்று (6/18 என்றால், மற்றவர் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண முடியும் என்று பொருள்). பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்க முடிகிற பரப்பு, 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை சுருங்கியிருப்பது இன்னொன்று. சான்றிதழில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், பக்கத்தைப் பார்க்கும் விதம் வேறு வேறு. கூர்மை குறைந்த குழந்தைக்குப் பெரிய எழுத்து உதவும். புலம் சுருங்கிய குழந்தை குழாய் வழியே பார்ப்பதுபோலப் பார்க்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் ஒரு முழுச் சொல்கூட அடங்காது. அல்பினிசம், அதாவது தோலிலும் கண்ணிலும் நிறமிக் குறைவு உள்ள குழந்தைக்கோ வெளிச்சத்தில் கண் கூசுவதுதான் பெரும் பிரச்சினை. வழவழப்புத் தாளும் ஜன்னலுக்கு எதிரே போட்ட நாற்காலியும் அதைப் பாடாய்ப் படுத்திவிடும்.

ஆகவே கேட்டுப் பாருங்கள். ஒரே பத்தியை 18, 24, 32 பாயிண்ட் எழுத்தளவில் அச்செடுத்து முன்னால் வையுங்கள். எது சுலபமாக இருக்கிறது என்று குழந்தையே சொல்லும். பத்து நிமிட வேலை. அச்செடுக்கும்போது தமிழுக்கென்று சில கவனங்கள் உண்டு. மெல்லிய கோடுள்ள எழுத்துரு வேண்டாம், முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். புள்ளி தெரியாவிட்டால் 'பட்டம்' என்பது 'படடம' ஆகிவிடும், குழந்தை ஊகித்து ஊகித்தே களைத்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும். இருபுறமும் சமமாக ஒட்டவைத்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடதுபக்கம் மட்டும் ஒட்டவைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். படத்தின் மேல் எழுத்தை ஓடவிடுவது நம் சிறுவர் புத்தகங்களின் தீராத வழக்கம். அந்தப் பக்கங்களைத் தனியாகத் தட்டச்சு செய்துதான் கொடுக்க வேண்டும்.

காதால் கேட்டால் போதாதா?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. "இப்பத்தான் போனே படிச்சுக் காட்டுதே, பிரெய்ல் எதுக்கு?" என்று, விரலால் தொட்டுப் படிக்கும் அந்தப் புள்ளி எழுத்தைப் பற்றிப் படித்தவர்களே கேட்கிறார்கள். ஒலிநூலை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீண்ட கதைக்கும், பேருந்துப் பயணத்துக்கும், தூங்கும் முன் கேட்பதற்கும் அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் கேட்டே வளர்ந்த குழந்தையிடம் ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். பணிக்கும் பனிக்கும், அறத்துக்கும் அரத்துக்கும், வாழைக்கும் வாளைக்கும் என்ன வித்தியாசம் என்று காது மட்டும் எப்படிச் சொல்லும்? பேச்சில் நாமே ண, ன வேறுபாட்டைத் தொலைத்துவிட்டோம், போனில் படிக்கும் குரலிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பார்வையுள்ள குழந்தைக்குக் கடைப் பலகை, பேருந்துப் பெயர், பிஸ்கட் உறை எல்லாம் நாள் முழுக்க எழுத்துக் கற்றுத் தருகின்றன. பார்வையில்லாத குழந்தைக்கு அந்த வேலையைச் செய்வது விரல் நுனி மட்டுமே.

தமிழ் பிரெய்ல் எவ்வளவு அழகானது என்பதும் பலருக்குத் தெரியாது. 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில், ஆறு புள்ளிக் கட்டத்துக்குள் எல்லா எழுத்தும் அடங்கிவிடுகிறது. 'அம்மா' என்பது அச்சில் மூன்று எழுத்து, பிரெய்லில் ஐந்து கட்டம். முதலில் அ. அடுத்து ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள ஒரு கட்டம், வரப்போவது மெய் என்று முன்கூட்டியே சொல்வதற்கு. பிறகு ம, இன்னொரு ம, கடைசியில் ஆ. அச்சில் 'தே' எழுதும்போது இரட்டைக்கொம்பை முன்னால் போட்டுவிட்டுத்தான் தகரத்துக்கு வருகிறோம். பிரெய்லில் த முதலில், ஏ பிறகு, நாவில் வரும் அதே வரிசை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று இலக்கண வகுப்பில் நாம் மனப்பாடம் செய்ததைப் பிரெய்ல் படிக்கும் குழந்தை விரலால் தொட்டே தெரிந்துகொள்கிறது. இதை ஒரு பெண் எனக்குத் தொட்டுக் காட்டியபோது, இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது.

கொஞ்சம் பார்வை இருக்கும் குழந்தைக்குப் பிரெய்லே வேண்டாம் என்று ஒதுக்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். நாளாக ஆகப் பார்வை குறையும் நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், விரல் பழகும் சிறுவயதிலேயே அச்சோடு சேர்த்துப் பிரெய்லும் தொடங்குவது நல்லது. பதினைந்து வயதில் தேர்வு நெருக்கடியோடு கற்றுக்கொள்வது மிகவும் கடினம்.

பிடிஎஃப் அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதி

"ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் அனுப்பிட்டோமே, கம்ப்யூட்டர் படிக்குமே" என்பார்கள். படிக்காது. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு புகைப்படம், அதில் எழுத்து இருப்பதே திரைவாசிப்பு மென்பொருளுக்குத் தெரியாது. ஒரு சின்னச் சோதனை: கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேர்வு செய்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டுங்கள். அந்தச் சொல் அப்படியே தமிழில் வந்தால் சரி. எதுவும் வராவிட்டால் அது படம், ஓசிஆர் செய்து (படத்திலுள்ள எழுத்தை மென்பொருளால் உரையாக மாற்றி), பிழை திருத்தி, பிறகுதான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, தமிழில் அடிக்கடி நடப்பது. ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவதை உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமித்திருக்கும். குழந்தை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பதும் அதைத்தான். பக்கம் பக்கமாக இந்த இரைச்சலைக் கேட்ட ஒரு பையன், தன் கணினி கெட்டுவிட்டதாக நினைத்து அழுதிருக்கிறான். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பதிப்பாளர்களும் அச்சகத்தாரும் மூலக் கோப்பை யூனிகோடில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் யூனிகோடில் கிடைப்பதால், இலவசத் திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏ அவற்றைத் தடங்கலில்லாமல் வாசிக்கும். 2016-இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பதிவு செய்துகொண்டால் பல இந்திய மொழி நூல்களை அணுகத்தக்க வடிவில் பெறலாம். குழந்தையின் பள்ளியில் இதைப் பற்றிக் கேளுங்கள், பல இடங்களில் யாரும் சொல்வதில்லை.

"காப்பிரைட் இருக்கே, ஸ்கேன் பண்ணக் கூடாதே" என்று தயங்கும் நூலகர்களைப் பார்த்திருக்கிறேன். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(zb) பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக எந்த நூலையும் அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. லாப நோக்கு இருக்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம். பதிப்பாளரிடம் முன் அனுமதி தேவையில்லை. இதே நோக்கத்துக்கான மாரகேஷ் உடன்படிக்கைக்கு உலகில் முதலில் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாதான், 2014-இல். சட்டம் நம் பக்கம் இருக்கும்போது தயங்க வேண்டாம்.

அலமாரியில் என்ன இருக்கிறது?

சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் சங்க இலக்கியங்களைப் பிரெய்லில் கொண்டுவந்திருக்கிறது. பெரிய விஷயம்தான், மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஏழு வயதுக் குழந்தை குறுந்தொகையில் தொடங்காது. அதற்குக் குரங்கும் முதலையும் வேண்டும், பேயும் பாட்டியும் வேண்டும். நூலகங்களில் பிரெய்ல் என்று இருப்பதைப் பார்த்தால் பாடப்புத்தகம், போட்டித் தேர்வு, நீதிநூல் என்றே போகிறது. விளையாட்டாகப் படிக்க ஒன்றும் இல்லாத குழந்தை படிப்பையே பாரமாக நினைத்தால் அது யார் குற்றம்?

செலவுக்கு அஞ்ச வேண்டாம். அச்சிட்ட சிறுவர் புத்தகத்தின் வரிகளைக் கண்ணாடிபோல அடியிலுள்ள எழுத்து தெரியும் ஒட்டுத்தாளில் பிரெய்லாகக் குத்தி, அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். அருகிலுள்ள சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் உதவுவார்கள். ஒரே புத்தகத்தை அக்கா கண்ணாலும் தம்பி விரலாலும் படிக்கலாம், பிரெய்ல் தெரியாத அப்பாவும் கூட உட்காரலாம். இந்தப் புத்தகங்களைத் தனி அறையில் பூட்டாமல் சிறுவர் பிரிவிலேயே வையுங்கள்.

படங்களில் ஒரு எச்சரிக்கை. யானைப் படத்தின் ஓரத்தை நூலால் மேடாக்கிவிட்டால் குழந்தைக்கு யானை புரிந்துவிடாது. பக்கவாட்டிலிருந்து கண் பார்க்கும் கோடு அது, யானையைத் தொட்டறிந்த கைக்கு அப்படி ஒரு வடிவமே கிடையாது. கதையில் வரும் பொருள்களை ஒரு பையில் போட்டு வைக்கிறேன்: புளியங்காய், கொட்டாங்குச்சி, சின்ன மணி, துணிச் சுருக்குப்பை. கதையில் அந்த இடம் வரும்போது குழந்தை கையை விட்டு எடுத்துக்கொள்ளும். பார்வையுள்ள குழந்தைகளும் போட்டிபோட்டுக்கொண்டு கையை விடுகிறார்கள்.

பிரெய்ல் நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், எடையில் புள்ளிகள் நசுங்கித் தாள் மொழுக்கென்று ஆகிவிடும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கையடக்க நாவலே பிரெய்லில் பல தொகுதிகளாகும் என்பதால், திருப்பிக் கொடுக்கும் தவணையை இரட்டிப்பாக்குங்கள், தொகுதிகளை ஒரு நூலாகவே கணக்கில் எடுங்கள். தூரத்து ஊர்க் குழந்தைக்கு அஞ்சலில் அனுப்பலாம். பார்வையற்றோர் நூல் பொட்டலத்துக்கு 7 கிலோ வரை தரைவழி அஞ்சலில் கட்டணம் கிடையாது. இது தெரியாததாலேயே பல புத்தகங்கள் அலமாரியை விட்டு நகர்வதில்லை.

"எங்க ஊர் நூலகத்துக்கு இப்படிக் குழந்தைங்க யாரும் வர்றதில்லையே" என்ற பதிலும் கேட்டிருக்கிறேன். படிக்க ஒன்றுமில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியில் அந்தக் குழந்தையின் வீட்டுக் காசும் இருக்கிறது.

அந்த ஒன்பது வயதுப் பெண் அடுத்த மாதமும் வந்தாள். மூன்று அளவு அச்சையும் முன்னால் வைத்தேன். நான் 32 என்று நினைத்திருந்தேன். அவள் 24-ஐ எடுத்தாள், சாய்வுப் பலகையில் வைத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் படிக்க ஆரம்பித்தாள். அம்மா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. நான் தேர்ந்து வைத்திருந்தது நரிக் கதை. அரைப்பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்து, "பேய்க் கதை இல்லையா அக்கா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறுக்கு மூன்று பேய்க் கதைகளை 24 பாயிண்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.