ஸ்போர்ட்டி காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஹூண்டாய் ஐ20 என் லைன் மாதிரி ஒரு கார் வைத்திருப்பவர்கள், முதல் செட் டயர் தேய்ந்ததும் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் அகலமா போடலாமா?" போடலாம். ஆனால் ரோட்டில் பிடிப்பைத் தீர்மானிப்பதில் ரப்பர் கலவைக்கும் பட்டன் (ரோட்டைத் தொடும் பரப்பில் உள்ள மேடு பள்ளம்) அமைப்புக்கும்தான் முதலிடம். அதே அளவில் நல்ல டயர் போட்டாலே கார் திரும்புவதிலும் நிற்பதிலும் வித்தியாசம் தெரியும்.

1. பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

அந்தக் காரின் டயர் அளவு 195/55 ஆர்16. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பின்னால் 87வி என்று இருந்தால், ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும், மணிக்கு 240 கி.மீ. வேகம் வரை தாக்குப்பிடிக்கும் என்று பொருள். உங்கள் காருக்கு நிறுவனம் சொன்ன எடை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே எதையும் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

2. எங்கே ஓட்டுகிறீர்கள்?

தினமும் ஆபீஸ், எப்போதாவது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்றால், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர்தான் உங்களுக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் காரைக் காப்பாற்றுவது பட்டன் இடைவெளிதான். பிரிட்ஜ்ஸ்டோனின் பொட்டென்சா, மிஷெலினின் பைலட் ஸ்போர்ட் போன்ற டயர் வரிசைகள் பிடிப்புக்காகச் செய்யப்பட்டவை. அதே நிறுவனங்களின் டூரான்சா, பிரைமசி வகைகள் சொகுசுக்கும் அமைதிக்கும். உங்கள் அளவில் எது கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

சில டயர்களில் 'ட்ரெட்வேர்' (தேய்மானம்) என்று ஓர் எண் இருக்கும். எண் குறைந்தால் பொதுவாக ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. ஆனால் அந்த எண்ணை நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரே பிராண்டுக்குள் ஒப்பிடத்தான் அது உதவும்.

3. அளவை மாற்றியே ஆக வேண்டுமா?

அப்படியானால் மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். பக்கச்சுவர் உயரம் இரண்டு மடங்கு, கூட்டல் ரிம் விட்டம். 195/55 ஆர்16க்கு 621 மி.மீ. வரும். 205/50 ஆர்16 என்றால் 611, 205/55 ஆர்16 என்றால் 632. இரண்டுமே 2 சதவீதத்துக்குள்தான். ஆனால் விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட உண்மையான வேகம் கூடும். ரிம்மின் அகலம் பொருந்துகிறதா, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசுகிறதா என்றும் பாருங்கள்.

17 அங்குல அலாய் வீலுக்கு மாறுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பக்கச்சுவர் மெலிந்த டயரோடு நம்ம ஊர்ப் பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம் வளையும், டயரின் பக்கச்சுவர் முட்டை மாதிரி புடைத்துக்கொள்ளும்.

4. கடையில்

டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) என்ற குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பழைய சரக்கென்றால் வேறு கேளுங்கள். நான்கும் ஒரே மாடலாக இருப்பதுதான் நல்லது. இரண்டு மட்டும் மாற்றினால், முன்சக்கரம் இழுக்கும் கார்தான் என்றாலும் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் புதிதாக ஓட்டுபவரால் சமாளிப்பது ரொம்பக் கடினம். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ, வெளிப்பக்கம் எது என்ற குறிப்போ இருந்தால், மாட்டும்போது பக்கத்திலேயே நின்று சரிபாருங்கள்.

5. மாட்டிய பிறகு

பேலன்சிங், வீல் அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்டினால் புது ரப்பரின் மேல்பூச்சு போய்விடும். அப்புறம் காற்று. கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. ஆகும்வரை ஓட்டலாம் என்பது கணக்கு. மழைக்காலம் வருகிறதென்றால் 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள்.